நேரம் அளக்காத ஓட்டம்

2025 ஜூன் 3, செவ்வாய். கீழக்கரை

மலேசியாவில் இருக்கும் செபாங் ரேஸ் ட்ராக்குக்கு முன்பணம் கட்டியாச்சு. ஜூலை கடைசி ஞாயிறு, ட்ராக் டே. ரேஸ் கிடையாது, காசு கட்டினவன் வாடகை பைக்கில் சுற்றிவிட்டு வரலாம். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் பழகினவனுக்கு 5.543 கிலோமீட்டர், 15 வளைவு என்றதுமே தூக்கம் போச்சு. விசா வேண்டாம். திருச்சியிலிருந்து நேர் விமானம், கிள்ளானில் மாமா வீடு. பாக்கி இன்சூரன்ஸ் மட்டும்.

ஜூன் 5, வியாழன்

"ட்ராவல் பாலிசிதானே தம்பி, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் ஏஜென்ட் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்). 50,000 டாலர் மருத்துவச் செலவு, பத்து நாளைக்கு. பிரீமியம் ஒரு ஹெல்மெட் வைசர் விலைகூட இல்லை. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

ராத்திரி ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பாலிசியை முழுசாகப் படித்தேன். எதெதற்குப் பணம் கிடையாது என்ற பட்டியலில் ஒரு வரி: பந்தயம், வேக அல்லது நேரச் சோதனை, இவற்றுக்கான பயிற்சி. பந்தயம் என்று மட்டும் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்தப் 'பயிற்சி' என்னையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

காக்காவிடம் காட்டினேன். "விழுந்தா ரோட்டுல விழுந்தேன்னு சொல்லிக்க." லெதர் சூட்டோடு சர்க்யூட் ஆம்புலன்ஸில் போய் இறங்குகிறவன் எந்த ரோட்டில் விழுந்தானாம்?

ஜூன் 8, ஞாயிறு

பெருநாள் மறுநாள், வீடு கொள்ளாத கூட்டம். லாத்தா (அக்கா) மாப்பிள்ளை கோலாலம்பூரில் ஆஸ்பத்திரி பில்லிங்கில் இருந்தவர். எலும்பு முறிவுக்கு ஆகும் செலவை எப்படியாவது புரட்டிவிடலாமாம். ஆளைப் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுவரத்தான் சொத்து போகுமாம். சாதாரண விமானத்திலேயே ஸ்ட்ரெச்சர் போட்டால் பல சீட்டுக்கு டிக்கெட் எடுக்கணும், கூட டாக்டரோ நர்ஸோ வரணும். மய்யித்தை, அதாவது சடலத்தை, அனுப்புவதற்குத் தனிக் கணக்கு. உம்மா காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னார். விழுந்துவிட்டது. அதோடு என்னோடு பேச்சில்லை.

ஜூன் 13, வெள்ளி. மண்டபம்

மீன்பிடித் தடைக்காலம் நாளையோடு முடிகிறது. இரண்டு மாசம் சும்மா கிடந்த படகு எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் உயிர் வரணும். கச்சான் காற்றில் மணல் பறந்து ஃபில்டரில் அப்புகிறது. கீழே படுத்து இன்ஜெக்டரைக் கழற்றும்போது ட்ரைவர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்களுக்கு கவர்மென்ட்டு போட்ட விபத்துக் காப்பீடு இருக்கு. செத்தா 5 லட்சம், ஆஸ்பத்திரிக்கு 25,000. நீ இம்புட்டு காசு கட்டிப் போற, முறிஞ்சாலும் இல்ல, செத்தாலும் இல்லங்கிற?" அதற்கு மேல் நான் என்ன சொல்ல, ஸ்பானரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஏஜென்டை விட்டுவிட்டு நாலு கம்பெனிக்கு நானே மெயில் போட்டேன். எந்த சர்க்யூட், எந்தத் தேதி, 250 சிசி வாடகை பைக், போட்டி இல்லை, எல்லாம் எழுதி, "இதற்குப் பணம் தருவீர்களா?" என்று நேராகவே கேட்டேன். இரண்டு பேர் சாகச விளையாட்டு ரைடரை, அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீட்டை, நீட்டினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்கூபா, பஞ்சி ஜம்ப், மலையேற்றம். மோட்டார் எதுவும் இல்லை. ஒருவரிடமிருந்து பதிலே காணோம்.

நாலாவது கம்பெனி ஒத்துக்கொண்டது: பயிற்சியாளர் உடன் இருக்கணும், போட்டி கூடாது, நேரம் அளக்கக் கூடாது, பிரீமியம் மூன்று மடங்கு. ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அடக்கம். போனில் சொன்னதை நம்பாமல் பாலிசியிலேயே அச்சடித்துத் தரச் சொன்னேன். அதற்கு ஒன்பது நாள் இழுத்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

ஏற்பாட்டாளர் அனுப்பிய உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். செத்தாலும் கை கால் போனாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று நாலு விதமாக எழுதியிருக்கிறது. பைக்கில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை அளக்கும் லேப் டைமர் மாட்ட வேண்டாம் என்று தனியாக ஒரு மெயில் போட்டேன். ஏன் என்று இரண்டு தடவை கேட்டார்கள். இன்சூரன்ஸ் உதவி எண்ணையும் ரத்த வகையையும் துண்டுச் சீட்டில் எழுதி, மேலே டேப் ஒட்டி ஹெல்மெட் பின்னால் பதித்தாச்சு. மாமாவுக்கு இரண்டு கிலோ தொதல் இனிப்பு, உம்மாவே கட்டிக் கொடுத்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி. கீழக்கரை

முழுசாக வந்து சேர்ந்தேன்.

மதியத்துக்குப் பிறகு மழைத் தூறல். எங்கள் குரூப்பில் ஒரு கோயம்புத்தூர் பையன் கடைசி வளைவில், ஹேர்பின், முன் சக்கரம் வழுக்கித் தோளோடு போய் விழுந்தான். சிவப்புக் கொடி. காறை எலும்பு. மெடிக்கல் சென்டரில் இடது கையால் போனைத் தடவித் தடவி பாலிசியைத் தேடினான். கிடைத்தது. நான் ஜூன் 5 ராத்திரி படித்த அதே வரி. ஆஸ்பத்திரி டெபாசிட்டுக்கு அவன் அப்பாவைக் கூப்பிட்டபோது இந்தியாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் வெளியே வந்துவிட்டேன்.

இன்றைக்கு டீக்கடையில் பசங்க பிடித்துக்கொண்டார்கள். "மோட்டோ ஜிபிக்காரன் ரெண்டு நிமிஷத்துக்குள்ள சுத்துறானாம். உன் டைம் எவ்வளவு மாப்ள?"

தெரியாது என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை.