வலை சிக்கிய பிறகு: புரப்பெல்லரிலிருந்து இன்ஜின் மவுண்ட் வரை

கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாற்றில் சின்ன ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் தூண்டில் போடப் போவதற்கு. உள்ளே டீசல் இன்ஜின், அதிலிருந்து 30 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், கடைசியில் மூன்று இறக்கை வெண்கலப் புரப்பெல்லர். தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, முகத்துவாரத்துக்கு வெளியே மிதந்துகொண்டிருந்த அறுந்த வலை ஒன்று புரப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் கறுப்புப் புகை தள்ளி அப்படியே நின்றுபோனது. பக்கத்தில் வந்த படகுக்காரர்கள்தான் கட்டியிழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அதற்கப்புறம் செய்த வேலையை எழுதி வைக்கிறேன். வலையை அறுத்தெறிந்துவிட்டு, புரப்பெல்லரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அது ஆபத்து என்று உறுதியாகச் சொல்வேன்.

கரையேற்றியதும் கத்தியை எடுக்காமல் முதலில் சுற்றை நன்றாகப் பார்த்தோம். மேல்கயிறு பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறு. அது மிதக்கும் ரகம், அதனால்தான் வலை நீர்மட்டத்திலேயே வந்திருக்கிறது. வலை தங்கூசு நரம்பு. புரப்பெல்லர் குடத்துக்கும் (இறக்கைகள் சேருகிற நடுப்பகுதி) அதற்கு முன்னால் ஷாஃப்டைத் தாங்குகிற பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கிற விரலளவு இடைவெளியில் அவ்வளவும் போய் இறுகியிருந்தது. உராய்வுச் சூட்டில் நரம்பு உருகி, கருப்புப் பிளாஸ்டிக் வளையமாகவே ஆகிவிட்டது. கத்தி ஏறவில்லை, உளி வைத்துத்தான் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. வலைக்குள் இரண்டு நண்டும் ஒரு கெளுத்தியும் செத்துக் கிடந்தன. யாரோ இழந்த வலை, மீன் பிடித்துக்கொண்டே அலைந்திருக்கிறது. அறுத்த துண்டுகளைத் திரும்ப ஆற்றில் போடாமல் சாக்கில் கட்டிக் கரையிலேயே வைத்தோம். எல்லாரும் அப்படிச் செய்தால் எவ்வளவோ நல்லது.

உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கயிறு சுத்துனது பின்னாடி, ஆனா இழுத்தது முன்னாடி தம்பி. உள்ள போய்ப் பாரு." அந்த இடைவெளியில் கயிறு தடித்துக்கொண்டே போகும்போது ஆப்பு இறக்கின மாதிரி புரப்பெல்லரைப் பின்னால் தள்ளும். ஷாஃப்டும் அதோடு பின்னால் வரப் பார்க்கும். அந்த இழுப்பை வாங்குவது ஷாஃப்டைக் கியர்பாக்ஸோடு போல்ட் போட்டு இணைக்கிற கப்ளிங், கியர்பாக்ஸ், கடைசியில் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட்.

உள்ளே போய் டார்ச் அடித்ததும் அதற்கு அடையாளம் கிடைத்தது. ஷாஃப்ட் படகுக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் ஏறாமல் தடுப்பது கிளாண்ட். அதற்குள் அடைத்திருக்கிற பேக்கிங் கயிறு உராய்கிற இடத்தில் ஷாஃப்ட் எப்போதும் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் ஒரு கீற்று இப்போது பிராக்கெட் இருக்கும் பக்கம் கிளாண்டிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஷாஃப்ட் நகர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கப்ளிங் போல்ட் இரண்டு நீண்டு, மரை இழுபட்டிருந்தது. இன்ஜினைக் கடப்பாரையால் மெல்ல நெம்பினால் முன்பக்க மவுண்ட் ஒன்றில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வாய் திறந்தது. சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது.

புரப்பெல்லரைப் புல்லர் என்கிற திருகு இழுப்பான் போட்டுக் கழற்றினோம். சுத்தியலால் அடித்துக் கழற்றுகிறவர்கள் உண்டு. அந்த அடியெல்லாம் ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான் போகும், வேண்டாம். புரப்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டுகிற கீ ஒரு பக்கம் நசுங்கிப் படி விழுந்திருந்ததால் அதை மாற்றினேன். இறக்கையின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்த்தோம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும். வரவில்லை. அந்த நிமிடம் மனசு லேசானது.

பிராக்கெட்டில் இருக்கிற ரப்பர் புஷ் தண்ணீரால் குளிர்கிற சாமான். உள்ளே நீளவாட்டில் ஓடும் வரிப்பள்ளம் வழியாகத் தண்ணீர் போக வேண்டும். வலை அந்த வாயை அடைத்துவிட்டதால் ரப்பர் காய்ந்து கருகியிருந்தது. ஷாஃப்டைக் கையால் தூக்கினால் டக்கென்று ஆட்டம். புதுசு போட்டாயிற்று.

ஷாஃப்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. எல்லாப் பெரிய படகும் அப்போதுதான் கரையேறிப் பழுது பார்க்கும். பட்டறையில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். பிழைப்புக்கு ஓடுகிற படகுகள் முன்னால் போவதுதான் நியாயமும். என் முறை வந்தபோது ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்றினார்கள்: பிராக்கெட் பக்கம் 0.6 மில்லிமீட்டர் ஆட்டம். கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஷாஃப்ட்! சூடு காட்டாமல் பிரஸ்ஸில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி 0.05க்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறுமையைப் பக்கத்தில் நின்று பார்த்ததே எனக்குப் பெரிய பாடம்.

புது பேக்கிங்கைச் சுருளாகச் சுற்றவில்லை. தனித்தனி வளையமாகச் சாய்வாக வெட்டி, ஒன்றின் இணைப்பு அடுத்ததன் இணைப்புக்கு நேரே வராமல் மாற்றி மாற்றி வைத்தேன்.

கப்ளிங் நேர் பார்ப்பதுதான் மொத்தத்தில் நுணுக்கமான வேலை. கரையில் வைத்துச் சரி பார்த்தாலும் தண்ணீரில் இறக்கியதும் உடல் சற்று வளையும். அதனால் இறக்கி ஒரு ராத்திரி விட்டுத்தான் கடைசி அளவு எடுக்க வேண்டும். இரண்டு முகத்தையும் சேர்த்து மேல், கீழ், இடம், வலம் என ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டேன். நாலு அங்குல முகத்துக்கு வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு விஷயம் முக்கியம். கியர்பாக்ஸ் பக்க முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். அகன்ற இடைவெளி ஷாஃப்டோடு கூடவே சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைவு அல்லது அதன் முகம் கோணல். நின்ற இடத்திலேயே நின்றால் இன்ஜின்தான் இடம் மாறியிருக்கிறது. எனக்குக் கீழ்ப்பக்கமே நின்றது, 0.3. மவுண்ட் நட்டைத் திருகித் திருகி 0.08க்குக் கொண்டுவர ஒரு முழுப் பகல் போனது. ஒரு மூலையைத் தூக்கினால் எதிர் மூலை பேசும். அவசரம் ஆகாத வேலை.

கியர்பாக்ஸ் எண்ணெயில் கருகல் வாசமோ உலோகத் துகளோ இல்லை. ஐடிலில் கடகட சத்தம் வந்தால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிற டாம்பர் பிளேட்டின் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். அதுவும் இல்லை.

இப்போதைய நிலவரம்: ஆற்றுக்குள் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஓடும்போது கிளாண்டிலிருந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு வருகிறது; கை வைத்தால் சூடில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், சொட்டே வராமல் இறுக்கினால் ஷாஃப்டைத் தின்றுவிடும். முன்பு 1,800 சுற்றில் பலகையில் தெரிந்த அதிர்வு போய்விட்டது. முழு வேகம் இன்னும் கொடுக்கவில்லை. புது மவுண்ட் ரப்பர் அமுங்கி உட்காரும் என்பதால் இன்னும் சில மணி நேரம் ஓட்டிவிட்டுக் கப்ளிங்கைத் திரும்ப அளக்கணும், போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கணும். அதற்கப்புறம்தான் முகத்துவாரம் தாண்டுவது.