ஐயாவோட பிளாக்க வேற ஹோஸ்டிங்குக்கு மாத்துன கதை

போன மாசம் ஒரு கிளையண்ட்டோட வேர்ட்பிரஸ் பிளாக்க ஒரு ஹோஸ்டிங் அக்கவுண்ட்ல (சைட்ட நெட்ல வெக்க வாடகைக்கு எடுக்குற சர்வர் இடம்) இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக் குடுத்தேன். ரெண்டு மணி நேர வேலைன்னு நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டேன், மூணு ராத்திரி போயிடுச்சு. பழைய தமிழ் பிளாக் எதையாச்சும் மாத்தப்போறவங்களுக்கு உதவுமேன்னு எழுதுறேன்.

கிளையண்ட் ஒரு ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார். தமிழ்மணத்துல (தமிழ் பிளாக்குகள ஒரே இடத்துல காட்டுன திரட்டி) எல்லாரும் மாத்தி மாத்தி பின்னூட்டம் போட்டுக்கிட்டு இருந்த காலத்துல, 2006ல ஆரம்பிச்ச பிளாக். ஹோஸ்டிங் அவங்க அக்கா பையன் பேர்ல இருந்துச்சு, பையன் இப்ப வெளிநாட்டுல, ரினீவல் மெயில் எல்லாம் அவனுக்குப் போகுது, அவன்கிட்ட பாஸ்வேர்ட் வாங்கறதுக்கே நாலு நாள் ஆச்சு. சிபேனல், அதாவது ஹோஸ்டிங்கோட கண்ட்ரோல் பேனல், என் கைக்கு வந்தப்ப ரினீவலுக்கு ஒம்போது நாள்தான் பாக்கி. ஐயா மொதல்ல கேட்டது, "பதிவு போனாக்கூட பரவால்ல தம்பி, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பின்னூட்டமெல்லாம் வந்துடுமா?"

வந்துடும் ஐயான்னு தைரியமா சொல்லிட்டேன். ஃபைல் எல்லாத்தையும் ஜிப் பண்ணி எடுத்தாச்சு, பிஎச்பிமைஅட்மின்ல (டேட்டாபேஸ பிரவுசர்லயே தொறந்து பாக்குற டூல்) பதிவு, பின்னூட்டமெல்லாம் இருக்குற டேட்டாபேஸ எக்ஸ்போர்ட் பண்ணியாச்சு, புது இடத்துல டேட்டாபேஸ், யூசர் எல்லாம் போட்டு இம்போர்ட் பண்ணி, கான்ஃபிக் ஃபைல்ல பேரு பாஸ்வேர்ட் மாத்தியாச்சு. டொமைன தொடல. என் லேப்டாப் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்த டொமைன் எந்த சர்வர்னு அந்த லேப்டாப்புக்கு மட்டும் சொல்ற ஃபைல்) மட்டும் புது சர்வரோட ஐபி அட்ரஸ போட்டுட்டு பாத்தேன், அப்ப எனக்கு மட்டும் புதுசு தெரியும், ஊருக்கெல்லாம் பழசுதான். இத செய்யாம நேரா நேம்சர்வர (டொமைன் எந்த சர்வர்ல இருக்குன்னு ஊருக்குச் சொல்றது) மாத்திட்டு அப்புறம் உக்காந்து அழுதவங்க எத்தனையோ பேர், நானும் ஒரு தடவ அழுதிருக்கேன்.

பேஜ் தொறந்துச்சு. தமிழ்ல ஒரு எழுத்து இல்ல. தலைல சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள்ள ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர்னு பக்கம் பூரா எறும்பு ஊருற மாதிரி. சைடுபார்ல இருந்த விட்ஜெட்டெல்லாம் (சின்னச் சின்னப் பெட்டிங்க) மாயம். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு.

மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணேன், மறுபடி அதேதான். அன்னைக்கு ராத்திரி அப்படியே போச்சு. மறுநாள்தான் ஒண்ணு உறைச்சுது: பழைய சைட் பிரவுசர்ல தெளிவா இருக்கு, ஆனா பழைய பிஎச்பிமைஅட்மின்லயே அந்த டேபிள தொறந்தா அங்கயும் இதே எறும்புதான். அப்ப நான் ஒண்ணும் கெடுக்கல, பதினெட்டு வருஷத்துக்கு மேலா இப்படித்தான் இருந்திருக்கு.

விஷயம் இதுதான். டேட்டாபேஸோட பேச எந்த கேரக்டர் செட்னு (எழுத்த பைட்டா மாத்துற முறை) சொல்ற வரி வேர்ட்பிரஸ் கான்ஃபிக்ல வந்ததே 2.2 வெர்ஷன்ல, 2007ல. ஐயா பிளாக் அதுக்கு முன்னாடி போட்டது, அப்புறம் எத்தனை அப்டேட் பண்ணாலும் அந்த ஃபைல யாரும் தொடல. அதனால வேர்ட்பிரஸ் யூடிஎஃப்-8ங்கற முறையில தமிழ அனுப்ப, டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான பழைய மைஎஸ்க்யூஎல் அத ஐரோப்பிய எழுத்துக்கான லேட்டின்1னு நெனச்சு வாங்கி வெச்சுக்கும், திருப்பிக் கேட்டா அப்படியே குடுக்கும். ரெண்டு பக்கமும் ஒரே பொய்ய சொன்னதால யாருக்கும் தெரியல. புது சர்வர்ல மைஎஸ்க்யூஎல் 8, அதுக்கு டீஃபால்ட்டே யூடிஎஃப்-8, அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா எடுத்துக்கிச்சு. 'தமிழ்'ங்கற வார்த்தை 15 பைட்டு, அதான் 15 பூச்சியா தெரிஞ்சுது. விட்ஜெட் போனதுக்கும் இதே காரணம்தான், அந்த செட்டிங்ல வார்த்தையோட நீளமும் சேத்து எழுதியிருக்கும், 15னு இருக்குற இடத்துல முப்பது வந்தா பிஎச்பி மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடும்.

கான்ஃபிக்ல லேட்டின்1னு ஒரு வரி போட்டா சைட் உடனே தெளிஞ்சிடும். போட்டும் பாத்தேன், தெளிஞ்சுது. ஆனா அது அழுக்க பாய்க்கடியில தள்றது, அடுத்து மாத்தப்போறவன் என்னைத் திட்டுவான், அது நானாவே இருக்கவும் சான்ஸ் இருக்கு. அதனால அந்த வரிய எடுத்துட்டு, பேக்கப் வெச்சுக்கிட்டு, டேபிள்ல ஒவ்வொரு காலமா (column) முதல்ல ப்ளாபா மாத்தி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8ஓட முழு வடிவம்) டெக்ஸ்ட்டா மாத்தினேன். ப்ளாப்னா வெறும் பைட்டு, மைஎஸ்க்யூஎல் உள்ள கை வெக்காது, அதான் நடுவுல அந்த ஸ்டாப். நேரா மாத்துனா எறும்பு நிரந்தரமாயிடும். கேட்டகிரி பேர் காலம் மட்டும் இண்டெக்ஸ் (வேகமாத் தேடறதுக்கான பட்டியல்) இருக்குன்னு அடம்புடிச்சுது, அதுக்கு ப்ளாப் மாதிரியே வெறும் பைட்டு வெக்கிற வேர்பைனரி போட்டு ஏமாத்தினேன். பதிவு, பின்னூட்டம், ஆப்ஷன்ஸ், மெட்டா எல்லாம் முடிச்சு ரிஃப்ரெஷ் பண்ணா தமிழ்! விட்ஜெட்டும் தானா வந்து உக்காந்துக்கிச்சு.

அடுத்து எந்தப் பதிவ கிளிக் பண்ணாலும் 404. இது சப்ப மேட்டர், லிங்க்க சரியான பதிவுக்கு அனுப்புற எச்டிஆக்சஸ் ஃபைல் மறைஞ்சிருக்கும், ஜிப்ல விட்டுட்டேன், பெர்மாலிங்க் (பதிவோட லிங்க்) செட்டிங் பேஜ்ல போய் சேவ் அமுக்கினதும் சரியாச்சு. சில லிங்க் பாதி வார்த்தையில நிக்குதேன்னு ஒரு நிமிஷம் பயந்தேன், அது பழசுலயும் அப்படித்தான். லிங்க் காலம் 200 எழுத்துதான் புடிக்கும், ஒரு தமிழ் எழுத்து லிங்க்ல ஒம்போது இடத்த அடைக்கும், காலு புள்ளி எல்லாம் தனிக்கணக்கு, அதனால 22 தாண்டினா வெட்டிடும்.

ஐயாவோட மெயிலும் அதே டொமைன்லதான், அதனால புது இடத்துல மெயில்பாக்ஸ் போட்டு பழைய மெயில இழுத்துட்டு அப்புறம்தான் நேம்சர்வர மாத்தினேன். முந்தின நாளே டிடிஎல்ல (டொமைன் தகவல எத்தனை செகண்ட் ஞாபகம் வெக்கலாம்ங்கற கணக்கு) 14400ல இருந்து 300க்குக் கொறச்சு பெரிய புத்திசாலின்னு நெனச்சுக்கிட்டேன், ஆனா நான் மாத்துனது நேம்சர்வர, டாட் காம்ல அந்தத் தகவல் ரெண்டு நாள் வரைக்கும் கேஷ்ல (தற்காலிகமா சேத்து வெச்ச நகல்ல) நிக்கும், என் 300 அங்க செல்லாது. "ரெண்டு நாளைக்கு ஒண்ணும் எழுதாதீங்க ஐயா"ன்னு சொன்னேன். "சரி தம்பி"ன்னாரு.

மறுநாள் சாயங்காலம் போன். "தம்பி, காலைல நாலு மணிக்கு ஒரு பதிவு போட்டேன், ரெண்டு பின்னூட்டம் கூட வந்துச்சு, இப்ப காணோமே?" அவர் வீட்டு நெட்டுக்கு காலைல பழைய சர்வர்தான் தெரிஞ்சிருக்கு. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல பழைய ஐபிய போட்டு, பதிவ காப்பி பண்ணி, பின்னூட்டம் ரெண்டையும் தேதி நேரத்தோட கையாலயே டேபிள்ல ஏத்தினேன். அதுல ஒண்ணு அவரே போட்ட பதில்.

பழைய அக்கவுண்ட்ட கடைசி நாள் வரைக்கும் மூட விடல. மொத்த பேக்கப்பையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன், ஐயா அத பீரோவுல வீட்டுப் பத்திரத்தோட வெச்சுப் பூட்டியிருக்காராம்.