செம்பக்கம் எது என்று முதலில் பாருங்கள்

கொக்குவிலில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பைதகரசின் தேற்றத்தை அவர்கள் ஒப்புவிப்பதைவிட, செங்கோண முக்கோணியில் எது செம்பக்கம் என்று அடையாளம் காண்பதே முக்கியமாகப் படுகிறது. செங்கோணத்துக்கு எதிரே இருப்பதும் மூன்றிலும் நீளமானதுமான அந்தப் பக்கத்தின் வர்க்கம், மற்றைய இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகும்.

செம்பக்கத்தைக் காண்பது எளிது: பக்கங்கள் 6, 8 எனில் 36 உடன் 64 ஐக் கூட்டி, 100 இன் வர்க்கமூலமாகிய 10 ஐப் பெறலாம். செம்பக்கம் தரப்பட்டு மற்றப் பக்கம் கேட்கப்படும்போதுதான் பலர் பழக்கத்தில் கூட்டிவிடுகிறார்கள். 13 அடி நீளமான ஏணியொன்று மதிலில் சாய்ந்திருக்க, அதன் அடி மதிலிலிருந்து 5 அடி தள்ளி நின்றால், ஏணியே செம்பக்கம். ஆகவே 169 இலிருந்து 25 ஐக் கழித்து, 144 இன் வர்க்கமூலமாக 12 அடி உயரத்தைப் பெறவேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 13.9 அடி வரும்; தன் நீளத்தைவிட உயரமான இடத்தை ஏணி எப்படித் தொடும் என்று ஒரு கணம் யோசித்தாலே பிழை தெரிந்துவிடும்.

விடை எப்போதும் முழுவெண்ணாக வராது. செம்பக்கம் 10, ஒரு பக்கம் 7 எனில் கழித்தபின் எஞ்சுவது 51. ஏழின் வர்க்கம் 49 ஆதலால், விடை ஏழைச் சற்றே தாண்டி ஏறத்தாழ 7.14 ஆகும்.

அத்திவாரம் வெட்டுமுன் மேசன்மார் மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறிகளுக்கிடையே 5 அடி இருக்கிறதா என்று அளப்பது இத்தேற்றத்தின் மறுதலையே; அதாவது, இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தின் வர்க்கத்துக்குச் சமமானால், அந்த மூலை செங்கோணமாகும். அதையும் இதே பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.