கடைசி ஓவர்: முடிவு மார்க்கிலேயே எடுக்கப்படுகிறது

வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 மார்ச் 28 அன்று புனேயில் போட்ட கடைசி ஓவரை எல்லோரும் பேட்ஸ்மேனின் காலடியில் குத்தும் யார்க்கருக்காகவே பேசுகிறோம். இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும்; கொடுத்தது 6. சாம் கரன் 95 நாட் அவுட்டாக நிற்க, இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. ஆனால் யார்க்கர் போடும் கை நம் சேலம் மாவட்டத்தில் பலருக்கு உண்டு. ஓமலூர், எடப்பாடி, வாழப்பாடிப் பக்கம் நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம். எந்தப் பந்தை எப்போது போடுவது என்று நெருக்கடியில் முடிவெடுப்பவர்கள்தான் குறைவு.

அந்த முடிவு ஓடத் தொடங்கும் முன்பே, ஓட்டம் தொடங்கும் இடமான மார்க்கிலேயே முடிந்திருக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் பழுத்த குவார்ட்டர்பேக்கும் பந்து கைக்கு வரும் முன்பே எதிரணி நிற்கும் நிலையைப் படித்துவிடுவார். ஆனால் பந்து வந்த பிறகும் யாருக்கு எறிவது என்று மாற்றிக்கொள்ள அவருக்கு இரண்டு மூன்று வினாடி கிடைக்கும். பவுலருக்குக் கிடைக்காது. கை மேலே போகும் நேரத்தில் மனம் மாறினால் பிடி தளரும், பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும். தரையில் குத்தாமல் இடுப்புக்கு மேல் ஃபுல் டாஸ், நோ பால், அடுத்தது ஃப்ரீ ஹிட். கடைசி ஓவரில் ஆட்டம் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் ஃபீல்டு. உள்வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்கு மேல் நிற்க முடியாது, அதனால் இரண்டு பக்கத்தையும் மூட முடியாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தள்ளிப் போடும் வைடு யார்க்கர் என்றால் ஆஃப் சைடில் டீப் பாயிண்ட், டீப் கவர், லாங் ஆஃப் மூவரும் எல்லையில். லெக் சைடில் டீப் மிட்விக்கெட், லாங் ஆன். தேர்ட் மேன் உள்ளே வருவதால் எட்ஜில் ஒரு பவுண்டரி போகலாம். அதை ஏற்றுக்கொண்டுதான் அந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும். இந்த ஃபீல்டை வைத்துவிட்டு லெக் ஸ்டம்பில் போடுவது எனக்குக் கொஞ்சமும் பொறுக்காத தவறு. ஃபைன் லெக்கில் ஆளே இல்லை, லேசாகத் தட்டினாலே நாலு.

அடுத்து பேட்ஸ்மேனின் கால். யார்க்கரின் இலக்கு கிரீஸ் கோடு அல்ல, அவருடைய கால் விரல்கள். அவர் கிரீஸுக்குள் ஆழமாக நின்றால் கோட்டில் விழும் பந்து அவருக்கு அடிக்க எளிதான அரை வாலி. அடியில் மட்டையைக் கொடுத்துத் தூக்கிவிடுவார். இன்னும் ஒரு அடி ஸ்டம்புப் பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். முன்னே இறங்கி நின்றால் நீளத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த ஃபுல் டாஸ். ஓடி வரும்போது அவர் நகர்வதைக் கண்டால் லைனை மட்டும் மாற்றலாம், நீளத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவது பந்தின் ஈரம். பனி இறங்கிய இரவில் விரலை உருட்டி வேகம் குறைத்துப் போடும் கட்டர் வழுக்கும். அப்போது ஸ்லோ பாலை மறந்துவிட்டு, நேரான வேகத்தில் யார்க்கருக்குப் போவதே சரி. டவலால் பந்தை மட்டுமல்ல, உள்ளங்கையையும் துடைக்க வேண்டும்.

சிக்ஸர் போன பிறகு நடப்பதுதான் ஒருவரின் அனுபவத்தைக் காட்டும். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: பந்து நினைத்த இடத்தில் விழுந்ததா? விழுந்தும் அடித்தார் என்றால் அவர் அதற்காகவே காத்திருக்கிறார், திட்டத்தை மாற்ற வேண்டும். விழவில்லை என்றால் திட்டத்தில் குறையில்லை, அதே பந்தைத் திரும்பப் போட வேண்டும். இளம் பவுலர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். தவறி விழுந்த ஒரு யார்க்கருக்காக அடுத்த பந்தை ஷார்ட்டாகப் போட்டு இன்னொரு சிக்ஸர் வாங்குகிறார்கள். கேப்டனும் சீனியர்களும் ஆளுக்கொரு யோசனையோடு ஓடி வருவது இதை இன்னும் கெடுக்கிறது. ஒருவர் மட்டும் பேசினால் போதும்.

டென்னிஸ் பந்திலிருந்து லெதருக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள்; லெதர் பந்து 156 முதல் 163 கிராம். லேசான பந்து காற்றில் வேகம் இழந்து இறங்கிவிடும், லெதர் அவ்வளவு இறங்காது. அதே இடத்தில் கையை விட்டால் ஃபுல் டாஸ்தான். ஒரு நூல் தாமதமாக விட வேண்டும், அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். டென்னிஸ் பந்தில் வளர்ந்த நடராஜனே அப்படி மாறியவர்தான்; 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

பயிற்சியை உடம்பு களைத்த பிறகு, கடைசியில் வையுங்கள். கிரீஸில் இலக்காக ஒரு ஜோடி பழைய ஷூ, நான்கு ஓவர், 24 பந்து. ஒவ்வொரு பந்துக்கு முன்பும் எந்தப் பந்து என்று கீப்பர் இடத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடுங்கள். சொன்ன இடத்தில் 12 கூட விழவில்லை என்றால் ஆட்டத்தில் யார்க்கரை முதல் திட்டமாக வைக்காதீர்கள். குட் லெங்த்தைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில் அழுத்திக் குத்துவது உங்களுக்குப் பாதுகாப்பு. கடைசி ஆறு பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுங்கள். அந்த ஆறுக்குத் தனிக் கணக்கு எழுதி வையுங்கள், உலர்ந்த பந்தின் கணக்கோடு சேர்க்க வேண்டாம்.