வால்பாறையில் நத்தை தேடல்: மூன்றாவது முயற்சி

"நத்தை பார்க்கவா மறுபடியும் நாற்பது கொண்டை ஊசி ஏறப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவப்பு நத்தையைத் தேடிப் போன இரண்டு தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். மார்ச்சில் போனது முதல் தப்பு. வெயில் காலத்தில் நம் காட்டு நத்தைகள் சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் ஒடுங்கிக் கிடக்கும், தலைகீழாக நின்றாலும் கண்ணில் படாது. அதனால் இந்த முறை ஜூலை, நல்ல மழை, மொத்தம் ஆறு பேர். நத்தையோடு சிலந்திகளையும் தேடுவதாகத் திட்டம்.

ஆழியாறு அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கியபோதே புதிதாக வந்த தம்பி உள்ளங்கை அளவு நத்தை ஒன்றைக் காட்டி "அண்ணா, கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். பாவம், அது ஆப்பிரிக்க நத்தை. 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டது, இன்று வாழையும் பப்பாளியும் போட்டவர்கள் எல்லாம் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெறுங்கையால் தொட்டிருந்தான், எலியிடமிருந்து வரும் நுரையீரல் புழு அதில் இருக்கலாம் என்பதால் முதல் வேலையாக சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தோம்.

மேலே போய் அனுமதி வாங்கியிருந்த எஸ்டேட் பாதையில், சோலையை ஒட்டி நடந்தோம். நடந்தோம் என்பதே அதிகம், மூன்று மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் போயிருந்தால் பெரிது. மூக்குப்பொடியும் வேப்பெண்ணெயும் குழைத்துக் காலில் பூசியும் அட்டை விடவில்லை. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர் நாங்கள் குனிந்து நிற்பதைப் பார்த்து, "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "செவப்பு நத்தையா? தரையில தேடினா எப்படி, மரத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பயணமாக நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாசி பிடித்த அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், செக்கச்செவேலென்று நாங்கள் தேடிய நத்தை, இன்ட்ரெல்லா ஆம்புல்லா. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது, அதன் பேரினத்திலும் இது ஒன்றுதான். ஓடு மெல்லிசு, உடம்போ பெரிசு, முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது, சின்னப் பையன் சட்டையை மாட்டிக்கொண்ட பெரியவர் மாதிரி. சற்றுத் தள்ளி இன்னொன்று, அது மஞ்சள். அதே இனம்தான், நிறம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். என் கேமரா லென்ஸ் ஆவி படிந்து பால்போல ஆகிவிட்டது, உருப்படியான படம் எல்லாம் அந்தத் தம்பியின் போனில்தான் இருக்கிறது.

சிலந்தி விஷயத்தில் பாதி வெற்றி. பாதையோர மண்சுவரில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது, உற்றுப் பார்த்தால் பாசி ஒட்டிய மூடி! மூடிக்கதவுச் சிலந்தியின் வளை. ஒருவர் குச்சியை எடுத்தார், நான் தடுத்துவிட்டேன். உள்ளிருந்து அது கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும், நாம் நெம்பினால் கதவுதான் பிய்யும். அரைமணி நேரம் காத்திருந்தும் அம்மணி வெளியே வரவில்லை.

இரவு காட்டுப் பக்கம் போகவில்லை. பக்கத்தில் யானை நடமாடுவதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு மேல் பேச்சு இல்லை. தங்கிய இடத்து முற்றத்திலேயே டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் புல்லில் அடித்தோம், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பச்சைப் பொட்டுகளாகத் திருப்பி மின்னின, எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டோம். மரப்பொந்தில் இருக்கும் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியைப் பார்ப்பதுதான் என் ஆசை. ஒரு பொந்தின் வாயில் பட்டு நூல் அடர்த்தியாக இருந்தது, ஆனால் ஆள் இல்லை. எந்த மரம் என்று எழுத மாட்டேன், வளர்ப்புக்கென்று பிடித்து விற்கிற கூட்டமும் இதையெல்லாம் படிக்கிறது.

அடுத்தது அக்டோபர் மழைக்கு. வேப்பெண்ணெய் வேண்டாம், அட்டை ஏறாத காலுறை வாங்கியாகிவிட்டது.