ஜார்ஜ் டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

சென்னையின் ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையையே தேர்ந்தெடுக்கிறார்கள். மீன்பாடி வண்டிகளும் சுமை தூக்குவோரும் இரு சக்கர வாகனங்களும் நெருக்கியடிக்கும் வார நாள்களில் அங்கே நின்று ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது நடக்காத காரியம் என்பதால், அவர்கள் சொல்லும் காரணத்தை மறுக்க முடியாது. நான் சேர்ந்துகொண்ட நடையில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அந்தச் சந்துகளின் அகலத்துக்கு அதுவே அதிகம். ஒலிபெருக்கி இல்லாமல் சாதாரணக் குரலில் பேசியே வழிகாட்டி எங்களைக் கட்டி நிறுத்தினார். கேள்வி கேட்டால் நின்று பதில் சொன்னார்.

தொடங்கிய இடம் பாரிமுனையிலுள்ள டேர் ஹவுஸ். 1788இல் மதராசுக்கு வந்த வேல்ஸ் நாட்டு வணிகர் தாமஸ் பாரியின் நிறுவனத்துக்காக 1940இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. ஆனால் வழிகாட்டி எங்களை அழைத்துச் சென்றது கட்டடத்தைக் காட்ட அன்று. அதன் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் நிற்கும் ஒரு கல்தூணைக் காட்ட. 1773 ஜனவரி 1 என்ற தேதியைத் தாங்கிய எல்லைத் தூண் அது. இப்படி ஆறு தூண்கள் நாட்டப்பட்டன. எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அந்த எல்லைக்குத் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டை வரைக்கும், யாரும் எதுவும் கட்டக் கூடாது என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவு.

ஜார்ஜ் டவுனைப் புரிந்துகொள்ள இந்தத் தூணே சரியான தொடக்கம் என்பது என் கருத்து. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில்தான் கோட்டையை ஒட்டி, இந்தியர்கள் வாழ்ந்த முதல் ‘கறுப்பர் நகரம்’ இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து மூன்றாண்டுகள் வைத்திருந்த அனுபவத்துக்குப் பிறகு, வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிவிடலாம் என்று அஞ்சிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டும் என்பதற்காக மிச்சமிருந்த ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். மக்கள் வடக்கே குடியேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டியது அப்படி இடம்பெயர்ந்து வந்த ஊருக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால், அடுத்தடுத்துப் பார்ப்பவை தனித்தனிச் சின்னங்களாக நிற்காமல், ஒரே கதையின் பகுதிகளாகிவிடுகின்றன.

பூக்கடைக்கு அருகிலுள்ள சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் அப்படி வந்தவையே. பழைய நகரில் இருந்த கோயில் 1757இல் இடிக்கப்பட்டபோது, கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக (மொழிபெயர்த்துத் தரகு பார்ப்பவராக) இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று மாற்று இடத்தில் இவ்விரண்டையும் எழுப்பினார். எதிரியின் குண்டுக்குத் தப்பிய தெய்வம் ஆளுகிறவனின் கணக்குக்குத் தப்பவில்லை என்று எங்களோடு வந்த ஒரு பெரியவர் முணுமுணுத்தார். வழிகாட்டி சொன்ன எதையும்விட எனக்கு நன்றாகப் பதிந்தது அதுதான்.

நடையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, ஊரார் அரண்மனைக்காரன் தெரு என்று சொல்லும் ஆர்மீனியன் தெருவிலுள்ள ஆர்மீனிய தேவாலயம். 1712இல் கட்டிய முதல் ஆலயம் பழைய நகரோடு போய்விட்டதால், தங்கள் இடுகாடாக இருந்த இந்த இடத்தில் ஆர்மீனியர்கள் 1772இல் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே முற்றத்தில் எங்கே கால் வைத்தாலும் கல்லறைப் பலகையாக இருக்கிறது. தேய்ந்துபோன ஆர்மீனிய எழுத்துகளின் மேல், முற்றத்து மரத்திலிருந்து உதிர்ந்த பூக்கள் கிடந்தன. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று எங்களில் பாதிப் பேர் தயங்கி நின்றோம். அங்கே அடக்கமாகியிருப்பவர்களில் ஒருவர் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அவருடைய முயற்சியால் இந்த மதராசில்தான் அச்சானது. தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவற்றை ஒலிப்பது இன்றும் வழக்கமாக இருப்பதால், அந்த நாளைத் தேர்ந்ததற்கு இது ஒரு பயன். வழிபாட்டுக்கு வர ஆர்மீனியர்கள் இல்லாத ஊரில் கட்டடத்தைக் கல்கத்தா ஆர்மீனியத் திருச்சபை பராமரித்துவருகிறது. 1726இல் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான கோஜா பெட்ரஸ் உஸ்கான் இந்தச் சமூகத்தவர்தான் என்பதைச் சென்னைக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிராட்வேயை வேகமாகக் கடந்தோம். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தைத் தூர்த்து அந்தச் சாலையை உருவாக்கிய வழக்கறிஞர் ஸ்டீபன் போபம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். 1782இலேயே இந்நகருக்குக் காவல்துறை அமைக்கத் திட்டம் தீட்டியவர் அவர். இப்போது சாலை விடுதலைப் போராட்டத் தலைவர் த. பிரகாசத்தின் பெயரில் இருக்கிறது.

என் மனக்குறை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஜார்ஜ் டவுன் தெருவுக்கொரு வாணிகம் என்று வளர்ந்த ஊர். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், காசிச் செட்டித் தெருவில் மலிவான இறக்குமதிப் பொருள்கள். நாங்கள் பார்த்ததோ இழுத்து மூடிய இரும்புக் கதவுகளின் வரிசை. கோல்கொண்டா வைரத்துக்குக் கைம்மாறாக மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்த யூத வணிகர்களை நினைவூட்டும் பவழக்காரத் தெருவில், ‘இங்கே வியாபாரம் நடந்தது’ என்று இறந்தகாலத்தில் சொல்லிக்கொண்டு போனார் வழிகாட்டி. மறுநாள் காலையில் அதே தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மூடிய கடைகளுக்கு மேலே மாடிகளின் மரத் தாழ்வாரங்களும் சுதை வேலைப்பாடுகளும் தெளிவாகத் தெரிவது உண்மை. ஆனால் வணிகத்துக்காகவே பிறந்து, வணிகத்தாலேயே வளர்ந்த ஊரை வணிகம் ஓய்ந்திருக்கும்போது மட்டும் காட்டினால், பார்ப்பவர் அதைக் காலனியக் காலத்து மிச்சம் என்றே எண்ணிவிடுவார்.

ஆகவே இந்த நடைக்குப் போகிறவர்கள், வார நாளொன்றில் முற்பகலில் கோடவுன் தெருவிலிருந்து ஆண்டர்சன் தெரு வரை தனியாக ஒருமுறை நடந்து வருவது நல்லது. வாங்குவதற்கு ஏதேனும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்கள். சும்மா நின்றால் வழி விடச் சொல்வார்கள். நேரமிருந்தால் மேற்கே வால்டாக்ஸ் சாலைக்கும் போகலாம். ஹைதர் அலியின் படை வந்து போன அச்சத்தில் நகரைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, அதற்கான செலவை மக்களிடம் வரியாகப் பிரிக்க நினைத்தது. வரி வசூலாகவே இல்லை. ‘வால் டாக்ஸ்’, அதாவது மதில் வரி, என்ற பெயர் மட்டும் சாலையில் தங்கிவிட்டது. அந்த மதிலின் ஒரு துண்டு, பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள மாடிப்பூங்காவுக்கு அடியில் இன்றும் இருக்கிறது. எங்கள் வழிகாட்டியின் பாதையில் அது இல்லை.