மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?

ஆடியோ தொடர்களுக்குக் கதை எழுதுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் அறுபது எபிசோடுகளில் ஒரு ஃபேண்டஸி தொடர் கேட்டது. இடைக்கால ஐரோப்பா, குதிரைவீரர்கள், புனிதக் கிண்ணம். நாயகன் கிண்ணத்தைத் தேடிப் போகிறான், வழியெல்லாம் சண்டை, கடைசி எபிசோடில் கிண்ணம் கைக்கு வருகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். உடனே சரி என்றார்கள். அப்புறம்தான் பழைய கதைகளை ஆங்கில வழியாக நிதானமாகப் படிக்க உட்கார்ந்தேன். என் ஒரு பக்கம் அங்கேயே உடைந்துபோனது.

முதல் சிக்கல் கிண்ணம். கிரெத்தியான் த த்ருவா 1180களில் பிரெஞ்சில் எழுதத் தொடங்கி, முடிக்காமலே போன கதையில் அது கிண்ணமே இல்லை. அதில் வரும் சொல் ‘கிரால்’, அதாவது விருந்தில் பரிமாறும் அகலமான, குழிவான பாத்திரம். நம் வீட்டுத் தாம்பாளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினால் எப்படியோ அப்படி. பின்னால் ஒரு துறவி கதையின் நாயகன் பெர்சிவாலிடம் சொல்கிறார்: அதில் இருந்தது மீன் என்று நினைக்காதே, தேவாலயப் பூசையில் தரும் நற்கருணை அப்பம், அதுவும் ஒரே ஒன்றுதான், உள்ளறையில் இருக்கும் ஒரு முதியவர் அதை மட்டும் உண்டு உயிர் வாழ்கிறார். இயேசு கடைசி இரவுணவில் பயன்படுத்திய பாத்திரம், அவரை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு அவருடைய இரத்தத்தை ஏந்தியது என்ற கதையெல்லாம் அடுத்து வந்த ரொபேர் த பொரோன் சேர்த்தது. இன்னும் கொஞ்ச காலம் கழித்து ஜெர்மன் கவி வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் கையில் அதுவே ஒரு கல்லாகிவிட்டது. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று ஒரு புறா வந்து அதன்மேல் அப்பத்தை வைத்துவிட்டுப் போகும்.

பொருள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் நிற்பது எது என்று தேடினேன். அது ஒரு சாப்பாட்டு நேரம்.

காயம்பட்ட அரசர் படுக்கையில் சாய்ந்திருக்கிறார். இளைஞன் பெர்சிவால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பையன் வெள்ளை ஈட்டி ஒன்றை எடுத்துப் போகிறான். அதன் முனையிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் வழிந்து அவன் கைவரை வருகிறது. பின்னாலேயே ஒரு பெண் கிராலை ஏந்தி வருகிறாள். அதன் ஒளியில் மெழுகுவத்திகள் மங்குகின்றன. ஒவ்வொரு பதார்த்தம் வரும்போதும் அது அவன் கண்முன்னால் கடந்து போகிறது. ஈட்டியில் ஏன் இரத்தம், அந்தப் பாத்திரம் யாருக்குப் போகிறது என்று கேட்க அவனுக்கு வாய்வரை வருகிறது. அதிகம் பேசாதே என்று குரு சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. காலையில் எழுந்தால் கோட்டையில் ஒரு ஆள் இல்லை. கேட்டிருந்தால் அரசர் குணமாகியிருப்பார் என்று அப்புறம் ஒரு பெண் சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது.

இதைப் பதினான்காவது எபிசோடாக எழுதினேன். “ஹீரோ சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார், வேறு ஒன்றும் நடக்கவில்லையே சார்” என்றார் தயாரிப்பாளர். அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு மின்னல், ஒரு எதிரி எரிந்து சாம்பல், இப்படி ஏதாவது வேண்டும் என்றார். அவர் கவலை நியாயமானது. கேட்பவர்கள் அடுத்த எபிசோடுக்கு வர வேண்டும். ஆனாலும் நான் விடவில்லை. திருப்பண்டத்தை, அதாவது புனிதமாகப் போற்றும் ஒரு பொருளை, ஆயுதமாக்குவதுதான் இந்த வகைக் கதைகளில் நடக்கும் பெரிய தப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

வரலாறும் எனக்கு அதையே சொன்னது. 1098 ஜூனில் சிலுவைப் போர்வீரர்கள், இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தியோக்கியா நகரில் முற்றுகைக்குள் பட்டினி கிடந்தார்கள். இயேசுவின் விலாவில் குத்திய ஈட்டி இங்கே புதைந்திருக்கிறது என்று பேதுரு பர்த்தலோமேயு என்பவர் கனவு கண்டதாகச் சொல்ல, தேவாலயத் தரையைத் தோண்டினார்கள். ஒரு இரும்புத்துண்டு கிடைத்தது. அதன் முனை மட்டும் தெரிந்தபோதே மண்ணோடு முத்தமிட்டதாக அங்கிருந்த ரேமோன் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அந்த மாதக் கடைசியில் வெளியே வந்து சண்டையிட்டு ஜெயித்தார்கள். இரும்பு எதையும் எரிக்கவில்லை. பசித்த மனிதர்கள்தான் எழுந்து நின்றார்கள். மறு வருடம் சந்தேகம் வலுத்தபோது, பர்த்தலோமேயு தன் சொல்லை நிரூபிக்க நெருப்புக்குள் நடந்தார். சில நாளில் இறந்துபோனார். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை.

கடைசியில் பதின்மூன்றாம் எபிசோடில் ஒரு வாள்சண்டையைச் சேர்த்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக் காட்சி அப்படியே நின்றது.

முடிவுக்கு வோல்ஃப்ராமிடம் போனேன். அவர் கதையில் பார்சிவால் (பெர்சிவாலின் ஜெர்மன் பெயர்) பல வருடம் அலைந்து திரும்பி வருகிறான். அரசர் அன்ஃபோர்தாஸ் நஞ்சு தோய்ந்த ஈட்டிக் காயத்தோடு நடக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடக்கிறார். இவன் அழுதுகொண்டே கேட்கிறான். மூலத்தில் நாலே சொல். அதில் முதல் சொல், அந்தக் கால ஜெர்மனில், அம்மாவின் உடன்பிறந்தவரைக் குறிப்பது. அன்ஃபோர்தாஸ் அவனுக்குத் தாய்மாமன். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று பொதுவாகப் போய்விடுகிற உறவு நம்மிடம் அச்சாக இருக்கிறது.

ஆனால் நான் முதலில் எழுதியது, “மாமன்னரே, தங்களை வாட்டும் துயரம் யாது?” தொடர் முழுக்க அந்த நடைதான். ரெக்கார்டிங்கில் பார்சிவாலுக்குக் குரல் கொடுத்த தம்பி மூன்று முறை பேசிப் பார்த்தார். மூன்றும் மேடை நாடகம் மாதிரி வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “சார், எங்க மாமா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் இப்படியா கேட்டேன்?” என்றார். பேனாவை எடுத்து வரியை அடித்துவிட்டு, “மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?” என்று எழுதிக் கொடுத்தேன். மூலத்தில் ‘உனக்கு’ என்றுதான் இருக்கிறது. அது மட்டும் என் காதுக்கு ஒட்டவில்லை.

அவர் மைக்குக்கு இன்னும் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, ஒரே முறை கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சவுண்ட் இன்ஜினியர், அரசர் குணமாகிற இடத்தில் மணியோசை போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் போதும், அவர் எழுந்திருக்கிறார் இல்லையா என்றேன்.